பிசையாதே, பிசறு!

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன் ஒருவனின் அடுப்படிப் பாடம்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் மாணவர் பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது, எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் சி.என்.சி., ஒருவன் மின்சார வாகனம், இன்னொருவன் வழக்கம்போல "காதல் ஒரு பார்வை". என் முறை வந்ததும், "நீ என்னடா எழுதற?" என்றார். "பை" என்றேன். "துணிப் பையா, பிளாஸ்டிக் ஒழிப்பா? நல்ல தலைப்புதான்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். இந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதுதான் அவருக்கே விஷயம் தெரியப் போகிறது.

நான் சொல்லும் பை, வெள்ளைக்காரர்கள் வீட்டில் செய்யும் பலகாரம். மைதாவும் வெண்ணெயும் சேர்த்த மாவை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, விளிம்பு வைத்த தட்டில் பரப்பி, உள்ளே ஆப்பிளோ பிளம்ஸோ கறியோ வைத்து, மேலே இன்னொரு வட்டத்தால் மூடி, அவனில் சுட்டெடுப்பது. உள்ளே வைக்கும் பூரணத்தை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். வித்தை எல்லாம் அந்த மேலோட்டில்தான். கத்தி பட்டால் அடுக்கடுக்காக உதிர வேண்டும், வாயில் போட்டால் கரைய வேண்டும், ஆனால் தட்டிலிருந்து எடுக்கும்போது உடையக் கூடாது. இந்த மூன்றும் ஒன்றோடொன்று சண்டை போடுகிற குணங்கள். அந்தச் சண்டையைத் தீர்த்து வைப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

பழைய இங்கிலாந்தில் இந்த மேலோடு தின்பதற்கு என்றுகூட இருக்கவில்லை. கறியை வேக வைக்கவும் கெடாமல் வைக்கவும் உதவும் ஒரு மாவுப் பெட்டி, அவ்வளவுதான். அதற்கு அவர்கள் வைத்த பெயர் காஃபின். அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்குப் பெட்டி என்று மட்டும்தான் அர்த்தம். நான் முதல் நாள் சுட்ட பையைப் பார்த்திருந்தால் இந்தக் காலத்து அர்த்தத்திலேயே சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பலகாரத்துக்கும் எனக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். என் ஊர் குன்னூர். 1819-ல் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் நீலகிரி மேலே ஏறிப் போனார். பின்னாலேயே பங்களாக்கள் வந்தன, உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஆப்பிளும் வந்தன, பங்களாச் சமையலறைகளும் வந்தன. வெள்ளைக்காரர்கள் போன பிறகும் சமையலறைகள் இருந்தன. ஒரு பட்லரிடமிருந்து இன்னொரு பட்லருக்குக் கைமாறி வந்த சமையலில் பையும் ஒன்று. எங்கள் ஊரில் ஒரு பழைய பங்களா இப்போது விருந்தினர் விடுதியாக இருக்கிறது. அங்கே என் அம்மாவுக்குப் பதினான்கு வருஷமாகச் சமையல் வேலை. அங்கிருந்த வயதான பட்லர் ஒருவர் கைப்பிடித்துச் சொல்லிக் கொடுத்த பையைத்தான் அம்மா சனிக்கிழமைதோறும் நாலு தட்டு செய்வார்கள். மாலை டீக்கு அதைச் சாப்பிடவே திரும்பத் திரும்ப வருகிற விருந்தாளிகள் உண்டு.

நான் நாலாம் செமஸ்டர் தேர்வு முடித்து ஊருக்குப் போனபோது அம்மா வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஈரப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து எலும்பு விரிசல். ஆறு வாரம் கையை அசைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது மே மாதம். மலர்க் கண்காட்சி நேரம், சீசன். சாதாரண சமையலை அக்கம்பக்கத்து அக்கா ஒருவர் பார்த்துக்கொண்டார். பை மட்டும் யாருக்கும் தெரியாது. விடுதி நடத்தும் மேடம் கோபப்படவில்லை. "சீசன் முடியற வரைக்கும் வேற ஆள் பாக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்களாம். வேறு ஆள் வந்தால் சீசன் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அம்மா சொன்ன பதில்: "என் பையன் வந்திருக்கான் மேடம். அவன் பண்ணுவான்."

அன்று திங்கட்கிழமை. சனிக்கிழமைக்கு ஐந்து நாள்.

முதல் நாள் நான் செய்த தவறு நம்மில் யார் செய்தாலும் செய்யக்கூடியது. மைதா, வெண்ணெய், உப்பு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, சப்பாத்திக்குப் பிசைவதுபோல நன்றாக அழுத்திப் பிசைந்தேன். மாவு பளபளவென்று, பார்க்க அழகாக இருந்தது. சுட்டு எடுத்ததும் விரலால் தட்டினேன். ஓட்டு வீட்டு ஓடு மாதிரி சத்தம் வந்தது. அம்மா ஒரு துண்டை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏண்டா கண்ணு, இதப் பிசையச் சொன்னது யாரு? பிசறச் சொன்னேன்" என்றார்கள்.

பிசைவதற்கும் பிசறுவதற்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். பை முழுவதும் அந்த ஒரு எழுத்தில்தான் இருக்கிறது.

கோதுமை மாவில் குளூட்டெனின், கிளையாடின் என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. காய்ந்த மாவில் இவை சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பிசையப் பிசைய அந்தப் பிடி நீண்டு, பின்னி, வலையாகிவிடும். அந்த வலைக்குப் பெயர் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி, உள்ளங்கை ரேகை தெரிகிற மெல்லிசுக்கு இழுத்தும் கிழியாமல் இருப்பது இந்த வலையால்தான். அவருக்கு அது வரம், நமக்கு அது சாபம். வலை இறுகினால் மேலோடு கடினமாகும்.

நம் பாஷையில் சொல்கிறேன். ஒரு செம்புக் கம்பியை எடுத்து வளைத்து நிமிர்த்தி, மறுபடி வளைத்துப் பாருங்கள். முதலில் சுலபமாக வளையும். நாலைந்து தடவைக்குப் பிறகு விறைத்துக்கொள்ளும். உள்ளே டிஸ்லொகேஷன்கள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்வதால் வரும் ஒர்க் ஹார்டனிங் இது. மாவைப் பிசைவதும் ஏறக்குறைய அதுதான். ஒவ்வொரு அழுத்தலும் மாவின் விறைப்பைக் கூட்டும். உலோகவியல் தாளில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். அன்றைக்கு அது கைக்கு வரவில்லை.

அப்படியானால் வலை பின்னாமல் எப்படித் தடுப்பது? இங்கேதான் வெண்ணெய் வருகிறது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே காய்ந்த மாவில் வெண்ணெயைப் பிசறினால், மாவுத் துகளைச் சுற்றிக் கொழுப்பு ஒரு கோட்டிங் கொடுத்துவிடும். கோட்டிங் விழுந்த துகளுக்குத் தண்ணீர் அவ்வளவாக எட்டாது, புரதங்கள் கைகோக்காது. தீபாவளிக்கு பாதுஷா செய்கிற வீடுகளில் முதலில் நெய்யோ டால்டாவோ போட்டு மாவைப் பிசறி, அதன் பிறகுதானே தண்ணீர் தெளிக்கிறார்கள்? காரணம் இதே காரணம்தான். அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இத்தனை படிச்சு இதத்தான் கண்டுபிடிச்சீங்களா?" என்றார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒழுங்காகப் பிசறினேன். அதிலும் கோளாறு. ரொம்ப நேரம் பிசறிவிட்டேன். மதியச் சமையல் முடிந்து அடுப்புச் சூடு ஆறாத சமையலறை. என் கை வேறு சூடு. பத்து நிமிஷத்தில் மாவு முழுக்க மஞ்சளாக, ஈர மணல் போல ஆகிவிட்டது. சுட்டபோது மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் அடுக்கு ஒன்றுகூட இல்லை, நெய் பிஸ்கட் மாதிரி இருந்தது. தட்டில் எண்ணெய் வடிந்து நின்றது.

மெதுவாக இருப்பது வேறு, அடுக்காக உதிர்வது வேறு. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நாள் ஆயிற்று. கொழுப்பு மாவில் முழுசாகக் கலந்தால் ஓடு மிருதுவாகும். கொழுப்பு மாவுக்குள் தனித்தனித் துண்டாக நின்றால்தான் அடுக்கு வரும். தேய்க்கும்போது அந்தத் துண்டுகள் தட்டையாகி, மாவுக்கு நடுவே தாள் தாளாகப் படுத்துக்கொள்ளும். அவனில் வைத்ததும் வெண்ணெய் உருகி வழிவிடும். அது இருந்த இடத்தில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் நீராவி புகுந்து மேல் அடுக்கைத் தூக்கும். தூக்கிய நிலையிலேயே மாவு வெந்து இறுகிவிட்டால் அடுக்கு நிலைத்துவிடும்.

நீராவி எங்கிருந்து வருகிறது? வெண்ணெயில் நூற்றுக்கு எண்பது பங்குதான் கொழுப்பு. பதினாறு பங்கு வரை தண்ணீர். 200 கிராம் வெண்ணெய் என்றால் சுமார் 30 கிராம் தண்ணீர் அதிலேயே ஒளிந்திருக்கிறது. ஸ்டீம் டேபிளை எடுங்கள். 100 டிகிரியில், வளிமண்டல அழுத்தத்தில், ஒரு கிலோ நீராவியின் கன அளவு 1.673 கன மீட்டர். அப்படியானால் அந்த 30 கிராமும் ஆவியானால் 50 லிட்டர்! அதில் பெரும்பகுதி வெளியே போய்விடும் என்றாலும், காகிதம் போன்ற மாவுத் தாளைத் தூக்க மீதி போதாதா? குன்னூர் கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர் உயரம், தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கணக்கு அங்கே இன்னும் கொஞ்சம் நமக்குச் சாதகம்.

ஆக, வெண்ணெய் அவனுக்குள் போகும் வரை துண்டாக, திடமாக இருந்தாக வேண்டும். வெண்ணெய் 20 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், 32-லிருந்து 35-க்குள் முழுக்க உருகிவிடும். நம் உள்ளங்கையின் சூடும் கிட்டத்தட்ட அந்த எல்லையில்தான். அதனால்தான் உள்ளங்கையைப் பயன்படுத்தாமல் விரல் நுனியால் மட்டும் பிசறுவது. அம்மாவின் கை எப்போதும் சில்லென்று இருக்கும். பட்லர் தாத்தா அம்மாவைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக் கொடுத்ததற்கு அதுவே காரணம் என்று அம்மா சொல்வார்கள். அது உண்மையோ பெருமையோ, அறிவியல் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

மிருதுவும் வேண்டும், அடுக்கும் வேண்டும் என்றால்? வெண்ணெயை இரண்டு பங்காக்குங்கள். முதல் பாதியை ரவை பதத்துக்கு நன்றாகப் பிசறுங்கள், மிருதுத்தன்மைக்கு. அடுத்த பாதியைப் பட்டாணி அளவுத் துண்டுகளாக விட்டுவிடுங்கள், அடுக்குக்கு. இரண்டாவது பாதியைப் போட்ட பிறகு ஒரு நிமிஷத்துக்கு மேல் கை வைக்காதீர்கள். மாவைப் பார்த்தால் 'இன்னும் கலக்கவில்லையே' என்று மனசு அடித்துக்கொள்ளும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

எடை தெரிந்தால்தான் பாடம். வெள்ளைக்காரர்கள் எளிதாக நினைவு வைத்துக்கொள்ள மூன்று-இரண்டு-ஒன்று என்பார்கள். எடையில் மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு கொழுப்பு, ஒரு பங்கு தண்ணீர். எட்டு அங்குலத் தட்டு ஒன்றுக்கு, அடியும் மூடியும் சேர்த்து, மைதா 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், ஐஸ் தண்ணீர் 80-லிருந்து 100 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், சர்க்கரை ஒரு டேபிள் ஸ்பூன். மைதா பாக்கெட்டின் பின்னால் புரத அளவு போட்டிருப்பார்கள். நூற்றுக்குப் பத்துக்கு மேல் இருந்தால், 300 கிராமில் 40 கிராமை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கார்ன்ஃப்ளோர் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் குளூட்டன் கிடையாது.

தண்ணீர்தான் எனக்குப் பெரிய தலைவலி. அம்மாவிடம் "எவ்வளவும்மா?" என்று கேட்டால் "மாவு கேக்கற அளவு" என்று பதில் வரும். மாவு என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை பயந்துபோய்த் தண்ணீரைக் குறைத்தேன். தேய்க்கும்போது கோடைக்காலத்துக் குளம் மாதிரி பாளம் பாளமாக வெடித்தது. கடைசியில் ஒரு யோசனை வந்தது. தண்ணீர் பாட்டிலைத் தராசில் வைத்து எடை பார்த்தேன். பிறகு அம்மாவை இடது கையால் தெளிக்கச் சொன்னேன், நான் முள்கரண்டியால் கிளறினேன். அம்மா "போதும்" என்றதும் மறுபடி எடை. 300 கிராம் மாவுக்கு 92 கிராம் இறங்கியிருந்தது. அடுத்த நாள் மழை, ஈரக் காற்று. 85-லேயே போதும் என்றார்கள். அம்மா எதைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். மாவை ஒரு கைப்பிடி பிடித்தால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், பெருவிரலால் தள்ளினால் உடைந்து உதிர வேண்டும். புட்டு மாவுக்குப் பதம் பார்ப்பதுபோலத்தான்! இத்தனை நாள் நம் வீட்டிலேயே இருந்த அளவுகோல்.

இங்கே ஒரு இடைச்செருகல். 2007-ல் அமெரிக்காவின் 'குக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகையில் கெஞ்சி லோபெஸ்-ஆல்ட் என்பவர் ஒரு உபாயம் கொடுத்தார். தண்ணீரில் பாதிக்குப் பதிலாக வோட்கா ஊற்றுவது. வோட்காவில் நூற்றுக்கு நாற்பது பங்கு ஆல்கஹால். ஆல்கஹாலில் குளூட்டன் உருவாகாது. மாவு தேய்க்க வாகாக ஈரமாக இருக்கும், ஆனால் கடினமாகாது. அவனில் ஆல்கஹால் ஆவியாகிவிடும். சாமர்த்தியமான யோசனை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் விடுதிக் காப்பாளர் அறையைச் சோதனை போடும்போது "சார், பை செய்ய வைத்திருக்கிறேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. நாம் ஐஸ் தண்ணீரோடு நிறுத்திக்கொள்வோம்.

வியாழக்கிழமை மாவு நன்றாக வந்தது. தேய்த்தேன், தட்டில் பரப்பினேன், விளிம்பை அழகாக மடித்தேன். சுட்டு எடுத்தால் பக்கச் சுவர் பாதி உயரத்துக்கு வழுக்கி இறங்கியிருந்தது. துவைத்த பனியன் மாதிரி சுருங்கல். ஆனால் இந்த முறை நான் அழவில்லை, சிரித்தேன். இதுதான் நம் ஷீட் மெட்டல் ஷாப்பில் தினமும் பார்க்கிற ஸ்பிரிங் பேக்! தகட்டை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால் கொஞ்சம் திரும்பி வருமே, அது. தேய்க்கும்போது இழுபட்ட குளூட்டனில் மிச்ச இழுவிசை தங்கிவிடுகிறது. சூடு பட்டதும் அது பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கிறது.

உலோகத்தில் இதற்கு மருந்து அனீலிங். மாவில் இதற்கு மருந்து ஓய்வு. உருட்டித் தட்டையாக்கிய மாவை மூடி, ஃபிரிட்ஜில் குறைந்தது ஒரு மணி நேரம் வையுங்கள். தேய்த்துத் தட்டில் பரப்பிய பிறகு மறுபடி இருபது நிமிஷம். இழுபட்ட இழைகள் தளர்ந்துகொள்ளும், தண்ணீரும் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும். உவமை ஒரு இடத்தில் காலை வாரும், ஜாக்கிரதை. உலோகத்தை இளக்குவது சூடு, மாவை இளக்குவது நேரம். ஃபிரிட்ஜின் குளிர் வெண்ணெய் உருகாமல் இருக்க மட்டும்தான். இன்னொன்று, தட்டில் பரப்பும்போது மாவை இழுத்து நீட்டாதீர்கள். தூக்கி, தளர்வாக உள்ளே இறக்கி, மூலையில் மெதுவாக ஒத்துங்கள்.

தேய்க்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுவிலிருந்து வெளியே தேய்க்க வேண்டும். ஒவ்வொரு தேய்ப்புக்கும் மாவைக் கால் வட்டம் திருப்ப வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனம். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அடிப்பக்கம் சொதசொதவென்று போயிற்று. ஆப்பிளைச் சர்க்கரையோடு அப்படியே உள்ளே வைத்ததால் சாறு விட்டு ஊறிவிட்டது. நறுக்கிய ஆப்பிளில் சர்க்கரை, பட்டைத் தூள், எலுமிச்சைச் சாறு போட்டு அரை மணி நேரம் வைத்தால் சாறு வெளியேறிவிடும். அந்தச் சாற்றை வடித்து, கார்ன்ஃப்ளோர் ஒரு ஸ்பூன் கரைத்துக் கொதிக்கவிட்டுக் கெட்டியாக்கி, ஆறிய பிறகு திரும்பச் சேருங்கள். அடி மாவின் மேல் கொஞ்சம் ரஸ்க் தூள் தூவலாம். முக்கியமானது, அவனை 220 டிகிரிக்கு நன்றாகச் சூடாக்கும்போதே உள்ளே ஒரு கனமான எஃகுத் தட்டையும் கீழ்த்தட்டில் வைத்துச் சூடாக்கி, பைத் தட்டை அதன்மேல் வையுங்கள். அடிக்கு நேரடிச் சூடு கிடைக்கும். முதல் இருபது நிமிஷம் 220, பிறகு 180-க்குக் குறைத்து முப்பத்தைந்து, நாற்பது நிமிஷம். ஆரம்பச் சூடு குறைந்தால் மாவு இறுகும் முன்பே வெண்ணெய் உருகி ஓடிவிடும், செவ்வாய்க்கிழமை கதைதான். மூடியின் நடுவில் கத்தியால் நாலு கீறல் போட மறக்காதீர்கள், ஆவி போக வழி வேண்டும். பாய்லருக்கு சேஃப்டி வால்வ் எதற்கு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கே எழுந்து நாலு தட்டும் செய்தேன். அம்மா முக்காலியில் உட்கார்ந்து வாயால் செய்தார்கள். "கை எடு." "போதும்." "திருப்பு." "அதத் தொடாத." மூன்று தட்டு நன்றாக வந்தது. ஒன்றின் ஓரம் சரிந்துவிட்டது. அம்மா அதைச் சமையலறையிலேயே துண்டு போட்டு, சரிந்த பக்கம் தெரியாதபடி தட்டில் அடுக்கி அனுப்பினார்கள். மாலையில் மேடம் உள்ளே வந்து, "அடுத்த சனிக்கிழமை ஆறு தட்டு வேணும், கூட்டம் அதிகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். வேறு ஆள் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

சமவெளி நண்பர்களுக்குக் கொஞ்சம் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரி திறந்த பிறகு கோவையில் ஒரு நண்பன் வீட்டில், 34 டிகிரி வெயிலில் செய்து பார்த்துத் தோற்று, பிறகு ஜெயித்தேன். வெண்ணெயை முந்தின இரவே ஃபிரீசரில் வைத்துக் கல்லாக்குங்கள். கேரட் துருவியில் துருவி நேராக மாவில் போடுங்கள். விரல் நுனிக்கு வேலையே குறைந்துவிடும். மைதாவையும் பாத்திரத்தையும்கூட அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கலாம். பூரிக்கட்டைக்குப் பதில், ஐஸ் தண்ணீர் நிரப்பி வெளிப்பக்கம் துடைத்த கண்ணாடி சோடா பாட்டிலால் தேய்த்தோம், பிரமாதமாக வேலை செய்தது. நடுவில் மாவு பிசுபிசுத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள், உடனே ஃபிரிட்ஜுக்கு அனுப்புங்கள். பைத் தட்டு இல்லையென்றால் விளிம்பு வைத்த எவர்சில்வர் தட்டு போதும். அவன் இல்லாதவர்கள் குக்கரில் மணல் போட்டுச் சுடலாமா என்று கேட்பீர்கள். அடி வேகும், மேலே சிவக்காது. நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வெண்ணெய் விலைக்குப் பயந்து வனஸ்பதி போடலாமா என்றும் ஒருவன் கேட்டான். போடலாம். அது முழுக்கக் கொழுப்பு, வெண்ணெயைவிடச் சூடு தாங்கும், வெயிலில் சமாளிக்கச் சுலபம். ஆனால் அதில் தண்ணீர் இல்லாததால் வெண்ணெய் தருகிற ஆவி கிடைக்காது. வாசனையும் இருக்காது. நம் நாட்டில் டிரான்ஸ் கொழுப்புக்கு 2022 ஜனவரியிலிருந்து நூற்றுக்கு இரண்டு என்று உச்சவரம்பு வந்தது, அதனால் பழைய பயம் அவ்வளவு இல்லை. என் ஓட்டு வெண்ணெய்க்குத்தான்.

அம்மாவுக்குக் கட்டுப் பிரித்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் மணிக்கட்டில் பழைய பலம் இல்லை. நாலு தட்டுக்குப் பிசறினால் ராத்திரி முழுக்க வலி. சனிக்கிழமை தோறும் நான் குன்னூருக்கு ஓட முடியுமா? வெளிநாட்டில் வெண்ணெயை மாவில் வெட்டிக் கலக்க ஒரு கைக்கருவி வைத்திருக்கிறார்கள். வளைந்த கம்பிகளோ தகடுகளோ வரிசையாக வைத்து, மேலே ஒரு பிடி. விரலால் தேய்க்க வேண்டாம், மணிக்கட்டைத் திருப்ப வேண்டாம், முழங்கையிலிருந்து அழுத்தினால் போதும். கைச்சூடும் படாது. படத்தைப் பார்த்ததும் ஃபிட்டிங் ஷாப் போர்மேன் சாரிடம் போய் நின்றேன். என்ன ஏது என்று விசாரித்துவிட்டு ஒரு துண்டு 304 ரகத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு எடுத்துக் கொடுத்தார்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு அளவு தருகிறேன். ஒரு மில்லிமீட்டர் தகட்டில் எட்டு மில்லிமீட்டர் அகலப் பட்டை ஐந்து. ஒவ்வொன்றையும் அரை வட்டமாக வளைத்து, இரண்டு முனையிலும் துளையிட்டு, தேக்குக் கட்டைப் பிடியில் ரிவெட் அடித்தேன். பட்டைக்குப் பட்டை ஒன்பது மில்லிமீட்டர் இடைவெளி. வெல்டிங் செய்யலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உணவு படுகிற இடத்தில் கசடு தங்கும் என்று போர்மேன் சார் தடுத்துவிட்டார். ஜி.ஐ. கம்பி வேண்டவே வேண்டாம், துத்தநாகப் பூச்சு மாவில் உரியும். விளிம்புகளில் பிசிறு போக அரத்தால் தேய்த்து, எமரித் தாள் போட்டு, வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் கொண்டுபோனேன்.

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு தட்டுக்கு மாவு வெட்டிப் பார்த்தார்கள். நாலு நிமிஷம் ஆயிற்று. கை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். பிடி மட்டும் அரை அங்குலம் நீளமாம், பாத்திரத்தின் விளிம்பில் இடிக்கிறதாம். பொங்கல் லீவுக்குப் போகும்போது ஹேக்ஸா பிளேடு எடுத்துப் போக வேண்டும்.